பெட்டியா, வாய்க்காலா? ஒரு கன்டெய்னர் பழுதும் அதன் நாற்பது வருட வரலாறும்

2023 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை ஏழேகால் மணிக்கு போன் அடித்தது. பாளையங்கோட்டையில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம். அவர்களுடைய சர்வரை நான்தான் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை அங்கே கூட்டம் அதிகம். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் ரிப்போர்ட் அச்சிடும் மென்பொருள் நின்றுவிட்டது. ஒரு நிமிடத்தில் தானாகவே வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது.

"சனிக்கிழமை வரைக்கும் நல்லா ஓடுச்சுல்லா? யாரு என்னத்தத் தொட்டது?" என்று நிலையத்தை நடத்துபவர் கேட்டார். பழுது வந்தால் எல்லா இடத்திலும் முதலில் வரும் கேள்வி இதுதான். அதற்குக் கையோடு ஒரு பதிலும் இருந்தது. என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருவன் சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே போய் ரிப்போர்ட்டின் தலைப்பில் முகவரியை மாற்றியிருந்தான். மாற்றிவிட்டு கன்டெய்னரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்திருந்தான்.

நான் சர்வருக்குள் நுழைந்து பார்த்தபோது, கன்டெய்னர் நின்றதற்கான எக்ஸிட் கோட் 137 என்று இருந்தது. 137 என்றால் 128 கூட்டல் 9. ஒன்பதாம் எண் சிக்னல், அதாவது ஒரு ப்ராசஸைக் கேள்வி கேட்காமல் கொல்லும் சிக்னல். தானாக விழவில்லை, யாரோ கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். தம்பிக்கு போன் போட்டேன். "ஏல, எதையாவது கில் பண்ணுனியா?" என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி. அட்ரஸ மட்டுந்தான் மாத்துனேன், சத்தியமா வேற ஒண்ணும் தொடல" என்றான். நான் நம்பவில்லை. அதை அவன் குரலிலேயே உணர்ந்திருப்பான்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குத்தான் உண்மை தெரிந்தது. அதைத் தேடப் போய் நான் படித்த வரலாற்றைத்தான் இங்கே குறிப்பாக எழுதி வைக்கிறேன். கன்டெய்னர் பழுது பார்ப்பவர்களுக்கு உதவும். அந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கும், தினமும் நாம் பயன்படுத்தும் செயலிகள் எந்தத் தரையின் மேல் நிற்கின்றன என்பது சுவாரசியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில், கன்டெய்னர் என்றால் என்ன?

திருநெல்வேலியில் இருப்பவர்களுக்கு கன்டெய்னர் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி ரோட்டில் நின்றால் போதும், துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் முதுகில் இரும்புப் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். நவீன கன்டெய்னர் போக்குவரத்து அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். உள்ளே பனியனா, முந்திரியா, உதிரிப் பாகமா என்று கப்பலுக்குத் தெரிய வேண்டாம். பெட்டிக்கும் எந்தக் கப்பல் என்று தெரிய வேண்டாம். அதுதான் அதன் அழகு.

மென்பொருள்காரர்கள் இந்த உருவகத்தைக் கடன் வாங்கினார்கள். டாக்கர் நிறுவனத்தின் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்தான். ஒரு நிரல் ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும், அதாவது நிரல், அதன் நூலகங்கள், ஜாவா பதிப்பு, அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வைப்பது. அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பெயர். அதை எந்த சர்வரில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும் என்பது வாக்குறுதி. "என் மெஷின்ல ஓடுதே" என்ற பழைய சாக்குக்கு இதுதான் மருந்து என்றார்கள்.

நானும் அதை நம்பித்தான் 2019இல் அந்த நிலையத்தின் மென்பொருளைக் கன்டெய்னருக்குள் வைத்தேன். சர்வரில் 16 ஜிபி மெமரி. அதில் இந்தக் கன்டெய்னருக்கு 1 ஜிபி வரம்பு. நான்கு வருடம் ஒரு சத்தமும் இல்லை. 2023இல் சர்வரின் லினக்ஸ் பதிப்பு பழையதாகிவிட்டதால் அதைப் புதுப்பித்தேன். புதுப்பித்தது நான். பழுது வந்த திங்கட்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கன்டெய்னரின் இமேஜில் ஒரு பைட் கூட மாறவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. பெட்டிதான் மாறவில்லையே, கப்பல் மாறினால் என்ன என்று விட்டுவிட்டேன். அதனால்தான் திங்கட்கிழமை என் சந்தேகம் என் மேல் போகாமல் அந்தப் பையன் மேல் போனது.

ராத்திரி கிடைத்த ஒரு வரி

பகலெல்லாம் தப்பான இடத்தில் தேடினேன். புதிய முகவரியில் ஏதாவது எழுத்துப் பிழையா, வட்டு நிரம்பிவிட்டதா, டேட்டாபேஸ் மெதுவாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாக. கடைசியில் கர்னலின் பதிவேட்டைத் திறந்தேன். கர்னல் என்பது லினக்ஸின் உட்கரு. எல்லா நிரலுக்கும் மெமரியையும் சிபியூவையும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அங்கே ஒரு வரி இருந்தது. மெமரி சிகுரூப்பில் இடம் தீர்ந்துவிட்டது, ஜாவா ப்ராசஸ் கொல்லப்பட்டது என்று அதற்குப் பொருள். அதன் மேலேயே பயன்பாடு 1048576 கேபி, வரம்பு 1048576 கேபி என்று இருந்தது. சரியாக 1 ஜிபி.

கொன்றது தம்பி இல்லை, கர்னல். அதைவிட முக்கியம் தேதி. பதிவேட்டில் மேலே ஏறிப் பார்த்தால், அதே வரி முந்தின செவ்வாய்க்கிழமையும் இருந்தது. வியாழக்கிழமையும் இருந்தது. தம்பி உள்ளே போனது சனிக்கிழமை. அதற்கு முன்பே கன்டெய்னர் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது. நின்றால் தானாக மறுபடி கிளப்பு என்று நானே அமைத்து வைத்திருந்ததால், கூட்டம் குறைவான நாட்களில் யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் வெளியே தெரிந்தது.

சரி, கொன்றது கர்னல். ஆனால் ஏன்? நான்கு வருடம் 1 ஜிபிக்குள் அடக்கமாக ஓடிய அதே நிரல், ஒரு பைட் மாறாமல் இருக்கும்போது, இப்போது ஏன் வரம்பைத் தாண்டுகிறது? இதற்குப் பதில் கன்டெய்னர் வரலாற்றில் இருக்கிறது.

சுவர்கள் ஒவ்வொன்றாக வந்தன

லினக்ஸ் கர்னலில் கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது. பல காலங்களில், பல பேர், பல காரணங்களுக்காகக் கட்டிய சுவர்களைச் சேர்த்துப் பிடித்தால் வருவதற்குத்தான் நாம் கன்டெய்னர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முதல் சுவர் 1979இல், யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்தது. சிஎச்ரூட் என்று பெயர். ஒரு நிரலுக்கு, "உன் உலகம் இந்த அடைவோடு முடிகிறது" என்று காட்டும். கோப்புகளுக்கு மட்டும்தான் சுவர். மெமரிக்கோ நெட்வொர்க்குக்கோ இல்லை.

2000ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஜெயில் என்ற வசதியைக் கொண்டுவந்தது. பால்ஹென்னிங் காம்ப் என்ற டென்மார்க்காரர் எழுதியது. உள்ளே இருப்பவர் அந்தச் சிறைக்குள் மட்டும் ராஜா, வெளியே ஒன்றும் செய்ய முடியாது.

லினக்ஸ் இதை மொத்தமாகச் செய்யவில்லை. நேம்ஸ்பேஸ் என்ற பெயரில் துண்டு துண்டாகச் செய்தது. 2002இல் கோப்பு மவுன்ட்டுகளுக்கு. 2006இல் கணினிப் பெயருக்கும் ப்ராசஸ்களுக்கு இடையிலான செய்திகளுக்கும். 2008இல் ப்ராசஸ் எண்களுக்கு. அதை ஒட்டிய பதிப்புகளில் நெட்வொர்க்குக்கு. 2013இல் பயனர் எண்களுக்கு. ஒவ்வொன்றும் ஒரு மறைப்புத் தட்டி. பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது.

ஆனால் மறைப்பது வேறு, அளப்பது வேறு. பக்கத்து அறைக்காரன் தெரியவில்லை என்றாலும் மொத்தத் தண்ணீரையும் அவனே இழுத்துக்கொள்ளலாமே. அந்த அளவைக்காகத்தான் 2006இல் கூகுளில் வேலை பார்த்த பால் மெனேஜ், ரோஹித் சேத் இருவரும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ப்ராசஸ்களைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கும் ஏற்பாடு. அதற்கு அவர்கள் வைத்த முதல் பெயர் என்ன தெரியுமா? ப்ராசஸ் கன்டெய்னர்ஸ்.

2007இல் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. கர்னல் வட்டாரத்தில் கன்டெய்னர் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே பல அர்த்தங்கள் இருந்ததால் குழப்பம் வருகிறது என்று கன்ட்ரோல் குரூப்ஸ் என்று வைத்தார்கள். சுருக்கமாக சிகுரூப். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில் அது லினக்ஸுக்குள் வந்தது. அதாவது, அந்த வேலையைச் செய்தவர்களே கன்டெய்னர் என்ற சொல் சரிப்படாது என்று கைவிட்டார்கள். ஆறேழு வருடம் கழித்து நாம் எல்லோரும் அதையே மறுபடி பிடித்துக்கொண்டோம்.

பெங்களூருவில் நடந்த வேலை

சிகுரூப் என்பது குழு பிரிக்கும் சட்டகம் மட்டும். அதற்குள் எதை அளப்பது என்பதற்குத் தனித்தனி அளவைக் கருவி வேண்டும். இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். பெங்களூருவில் ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் இருந்தவர்கள். சிபியூ நேரத்தைக் குழு வாரியாகப் பங்கிடும் ஏற்பாட்டில் ஸ்ரீவத்ஸ வட்டகிரி வேலை செய்தார். மெமரியை அளக்கும் கருவியை பல்பீர் சிங் கர்னலுக்குள் கொண்டுவந்தார். அது 2008 ஏப்ரலில் 2.6.25 பதிப்பில் சேர்ந்தது. ஓபன்விஇசட் என்ற முந்தைய கன்டெய்னர் திட்டத்திலிருந்து பாவெல் எமெல்யனோவ் என்பவரின் உழைப்பும் அதில் உண்டு.

2007இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் பல்பீர் சிங்கும் வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் இந்த மெமரி அளவைக் கருவியின் சிக்கல்களைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார்கள். மெமரியை அளப்பது சிபியூவை அளப்பது போல சுலபம் இல்லை. சிபியூ நேரம் இல்லையென்றால் நிரல் கொஞ்சம் காத்திருக்கும், அவ்வளவுதான். மெமரி இல்லையென்றால்? ஏற்கெனவே கொடுத்ததை எளிதில் திரும்ப வாங்க முடியாது. வாங்கப் பார்த்தும் முடியாமல் போனால் கடைசி வழி ஒன்றுதான். அந்தக் குழுவுக்குள் ஒருவரைக் கொல்வது.

பாளையங்கோட்டையில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் படித்த அந்த ஒரு வரி அந்த வேலையின் வாரிசு. மெமரி சிகுரூப் என்ற சொல்லைப் பார்த்தபோது, பதினைந்து வருடம் முன்னால் பெங்களூருவில் எழுதப்பட்ட ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிறகு தேடித் தெரிந்துகொண்டேன்.

அதே 2008இல் எல்எக்ஸ்சி என்ற கருவி வந்தது. நேம்ஸ்பேஸ்களையும் சிகுரூப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தது. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், டாட்கிளவுட் என்ற சிறு நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றில் டாக்கரைக் காட்டினார். டாக்கர் புதிதாகச் சுவர் எதுவும் கட்டவில்லை. இருந்த சுவர்களை எல்லோரும் ஒரே கட்டளையில் எழுப்பும்படி செய்தது, இமேஜ் என்ற கட்டை எளிதாக அனுப்பும்படி செய்தது. 2014இல் கூகுள், ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸை வெளியிட்டது. இன்று கங்கைகொண்டானில் எல்காட் பூங்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் முதல் சென்னை, பெங்களூரு வரை எல்லோரும் இதன் மேல்தான் நிற்கிறார்கள்.

அணை மட்டத்தைப் பார்த்து நாற்று விட்டால்

இனி என் பழுதுக்கு வருகிறேன். இதை விளக்க எனக்கு ஆற்றை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. மற்றவை அதற்கு முந்தியவை. எல்லாம் சேர்ந்து சுமார் 86 ஆயிரம் ஏக்கர். ஒரே ஆறு. ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் பிரியும் வாய்க்காலுக்கு அதன் பங்கு.

நெல்லையில் காலையில் பேப்பரை விரித்தால் பாபநாசம் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று இருக்கும். முழுக் கொள்ளளவு 143 அடி. இப்போது ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வயல் கடைமடையில் இருக்கிறது. அணையில் 120 அடி என்று பேப்பரில் படித்துவிட்டு, தண்ணீர் ஏராளம் என்று வயல் முழுவதும் நாற்று நடுகிறார். ஆனால் அவர் வாய்க்காலில் வருவது அவர் பங்கு மட்டும்தான். பயிர் பாதியில் காய்கிறது. அணையில் தண்ணீர் இருந்தது உண்மை. அவருக்கு இல்லை என்பதும் உண்மை.

கன்டெய்னருக்குள் ஜாவா செய்ததும் இதேதான். நேம்ஸ்பேஸ் மறைக்கும், அளக்காது. சிகுரூப் அளக்கும், மறைக்காது. மொத்த மெமரி எவ்வளவு என்று ஒரு நிரல் லினக்ஸைக் கேட்டால் வரும் பதிலுக்குச் சுவர் எதுவும் கட்டப்படவில்லை. 1 ஜிபி வரம்புள்ள கன்டெய்னருக்குள் உட்கார்ந்து கேட்டாலும் 16 ஜிபி என்றுதான் பதில் வரும். பேப்பரில் அணை மட்டம் தெரிகிற மாதிரி.

ஜாவாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், மொத்த மெமரியில் கால் பங்கு வரை தன் ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளும். 16 ஜிபி என்று நினைத்தால் 4 ஜிபி. ஹீப்பில் இடம் நிறைய இருக்கிறது என்று நினைப்பதால், பழைய பொருள்களைக் கூட்டித் தள்ள அவசரப்படாது. மெதுவாக வளர்ந்துகொண்டே போகும். 1 ஜிபியைத் தொட்டதும் கர்னல் கொன்றுவிடும். ஜாவாவுக்குத் தான் செய்த தப்பு என்ன என்றே தெரியாது. அதனால்தான் நிரலின் லாக்கில் ஒரு பிழைச் செய்தியும் இருக்காது. பாதி வாக்கியத்தில் நின்றிருக்கும்.

இது ஊரறிந்த சிக்கல். அதனால் 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10இல் ஒரு திருத்தம் வந்தது. அணை மட்டத்தைப் பார்க்காமல் தன் சிகுரூப் வரம்பைத் தேடிப் படித்து, அதில் கால் பங்கு எடுத்துக்கொள்ளும். அதே திருத்தத்தை 2018 அக்டோபரில் ஜாவா 8இன் 191ஆம் புதுப்பிப்பிலும் கொடுத்தார்கள். நான் 2019இல் கட்டிய இமேஜில் இந்தத் திருத்தம் இருந்தது. 1 ஜிபியில் கால் பங்கு 256 எம்பி. அந்த நிரலுக்கு அது போதும். அதனால்தான் நான்கு வருடம் நிம்மதி.

அப்புறம் என்ன ஆனது?

மடை இடம் மாறியது

சிகுரூப்பின் முதல் வடிவத்தில் ஒரு குறை. மெமரிக்கு ஒரு மரம், சிபியூவுக்கு வேறு மரம் என்று ஒவ்வொரு அளவைக்கும் தனித்தனியாகக் குழு பிரிக்கலாம். சுதந்திரம் போலத் தெரிந்தாலும் நடைமுறையில் பெரிய சிடுக்கு. டெஜுன் ஹியோ என்ற கர்னல் பொறியாளர் இதை எல்லாவற்றுக்கும் ஒரே மரம் என்று திருத்தி எழுதினார். இரண்டாம் வடிவம் 2016 மார்ச்சில் 4.5 பதிப்பில் முறையாக வந்தது.

வந்த உடனே யாரும் மாறவில்லை. பழையதும் புதியதும் பல வருடம் கூடவே இருந்தன. 2019 அக்டோபரில் ஃபெடோரா 31 முதலில் புதிய வடிவத்துக்கு மாறியது. அப்போது டாக்கரே அதில் ஓடவில்லை. 2020 டிசம்பரில் வந்த 20.10 பதிப்பில்தான் டாக்கர் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு மற்ற லினக்ஸ்களும் ஒவ்வொன்றாக மாறின. நான் புதிதாக நிறுவிய பதிப்பும் மாறியிருந்தது.

பழைய வடிவத்தில் மெமரி வரம்பு ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அதன் பெயர் மெமரி டாட் லிமிட் இன் பைட்ஸ். அது மெமரி என்ற துணை அடைவுக்குள் இருக்கும். புதிய வடிவத்தில் அந்த அடைவும் இல்லை, அந்தக் கோப்பும் இல்லை. மெமரி டாட் மேக்ஸ் என்ற வேறு கோப்பு. என் இமேஜுக்குள் இருந்த ஜாவா பழைய இடத்தில் போய்த் தேடியது. கிடைக்கவில்லை. சரி, நமக்கு வரம்பு எதுவும் இல்லை போல என்று முடிவு செய்துகொண்டு, மறுபடி அணை மட்டத்தைப் பார்க்கப் போய்விட்டது. 16 ஜிபி. கால் பங்கு 4 ஜிபி. கதை முடிந்தது.

புதிய வடிவத்தைப் படிக்கும் அறிவு 2020 செப்டம்பரில் ஜாவா 15இல் வந்தது. ஜாவா 11க்கு 2022 ஜூலையில் 11.0.16இல் வந்தது. ஜாவா 8க்கு 2023 ஏப்ரலில், 372ஆம் புதுப்பிப்பில்தான் வந்தது. என் இமேஜ் 2019இல் உறைந்து நின்றது.

பெட்டிக்குள் எல்லாம் இருந்தது. கர்னல் மட்டும் இல்லை. கர்னல் எப்போதும் பெட்டிக்கு வெளியேதான். தூத்துக்குடித் துறைமுகத்துப் பெட்டிக்குக் கப்பல் மாறினால் கவலை இல்லை. நம் கன்டெய்னர் அந்த மாதிரிப் பெட்டி இல்லை. அது ஒரே ஆற்றில் வெட்டிய வாய்க்கால். மேலே மடை மாறினால் கீழே வயலில் ஒரு கல்லைக்கூட யாரும் நகர்த்தாமலே பயிர் காயும்.

பழுது பார்க்கும்போது

இந்த வரலாறு தெரிந்தபிறகு நான் தேடும் வரிசையே மாறிவிட்டது. என் மாதிரிச் சிறிய அளவில் வேலை பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எக்ஸிட் கோட் 137 என்று பார்த்தவுடன் முடிவுக்கு வராதீர்கள். அதற்கு இரண்டு பொதுவான காரணங்கள். ஒன்று, மேலே சொன்ன மெமரிக் கொலை. இன்னொன்று, யாரோ கன்டெய்னரை முறையாக நிறுத்தச் சொல்லி, அது பத்து விநாடிக்குள் நிற்காததால் டாக்கரே கொன்றது. இரண்டாவதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. ப்ராசஸ் எண்களுக்குச் சுவர் வந்தபோது, கன்டெய்னருக்குள் ஓடும் முதல் நிரலுக்கு எண் 1 கிடைத்தது. லினக்ஸில் எண் 1 என்பது தாய்ப் ப்ராசஸ், அதற்குத் தனிச் சலுகைகள். "நில்" என்ற சிக்னலைக் கவனிக்கும்படி நிரலில் எழுதியிருக்காவிட்டால், எண் 1 அதைக் கண்டுகொள்ளாது. 2017 ஜனவரியில் டாக்கர் 1.13இல் இதற்கென்று இனிட் என்ற வசதி வந்தது. நான் தம்பியைச் சந்தேகப்பட்டது இந்த இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்காததால்தான்.

பிரித்துப் பார்க்க வழி சுலபம். டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையின் பதிலில் ஊம்கில்ட் என்ற வரி உண்மை என்று சொல்கிறதா என்று பாருங்கள். அதோடு நிற்காமல் கர்னலின் பதிவேட்டையும் பாருங்கள். கன்டெய்னரின் லாக் கன்டெய்னர் சொல்லும் கதை. செத்தவனிடம் யார் கொன்றது என்று கேட்க முடியாது. தேதி, நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கொலை எப்போது நடந்தது என்பதுதான் கேள்வி, நாம் எப்போது கவனித்தோம் என்பது இல்லை.

அடுத்து இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். கர்னல் இந்தக் கன்டெய்னருக்கு வைத்திருக்கும் வரம்பு என்ன? உள்ளே ஓடும் நிரல் தனக்கு எவ்வளவு இருப்பதாக நினைக்கிறது? இரண்டும் வேறாக இருந்தால் பழுது அங்கேதான். ஜாவாவுக்கு மட்டும் இல்லை. மெஷினில் எத்தனை சிபியூ என்று எண்ணி அத்தனை வேலையாட்களை எழுப்பும் எந்த நிரலுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, எதற்குச் சுவர் இல்லை என்று ஒரு பட்டியல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கர்னல் பொது. கடிகாரம் பொது. வட்டில் இடம் பெரும்பாலும் பொது. டாக்கர் வழக்கமாக எழுதும் லாக் கோப்புக்கு நாமாக வரம்பு வைக்காவிட்டால் அது வளர்ந்துகொண்டே போய், பக்கத்துக் கன்டெய்னரையும் சேர்த்து முடக்கும். ஒன்றும் மாறவில்லை என்று யாராவது சொன்னால், இந்தப் பொதுவானவற்றில் எது மாறியது என்று கேளுங்கள்.

நான் அன்று ராத்திரி செய்தது, ஜாவாவுக்கு ஹீப் 512 எம்பி என்று கையால் எழுதிக் கொடுத்தது. காலை ஏழு மணிக் கூட்டத்தில் அது தாங்கியது. அந்த வாரமே புதிய ஜாவா 8 புதுப்பிப்போடு இமேஜை மறுபடி கட்டினேன். ஆனாலும் கையால் எழுதிய வரம்பை எடுக்கவில்லை. யூகிக்க விடுவதை விடச் சொல்லிவிடுவது நல்லது.

தம்பி

செவ்வாய்க்கிழமை காலையில் அவனுக்கு போன் செய்தேன். சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையன். வீட்டில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல். "தப்பு உன் மேல இல்லப்பா, நான் ஞாயித்துக்கிழம செஞ்ச வேலை" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பரவால்ல அண்ணாச்சி" என்றான். நான் விடாமல் முழுக்க விளக்கினேன். கர்னல், சிகுரூப், கோப்பு இடம் மாறியது எல்லாம். "ஓ, மேல மடைய மாத்திட்டு கீழ உள்ளவன்ட்ட தண்ணி எங்கன்னு கேட்ட மாதிரி" என்றான். மேலே எழுதிய ஆற்று உதாரணத்தின் விதை அவனுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிலையத்துக்கும் நேரில் போய்ச் சொன்னேன். புதுப்பித்தது நான், சரியாகச் சோதிக்காமல் விட்டதும் நான், அந்தப் பையன் முகவரியை மட்டும்தான் மாற்றினான் என்று. அதைச் சொல்லாமல் பழுதை மட்டும் சரிசெய்துவிட்டு வந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை எது நின்றாலும் "அந்தப் பையன் தொட்டானா?" என்றுதான் கேள்வி வந்திருக்கும்.

பழுது வந்தால் "யார் தொட்டது?" என்று கேட்பது நம் பழக்கம். "எது எதன் மேல் நிற்கிறது, அதில் எது நகர்ந்தது?" என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது சர்வர் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்ததோடு விடுவதில்லை. ஒரு வாரம் தினமும் கர்னல் பதிவேட்டில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த வேலையைத் தம்பியிடம்தான் கொடுத்திருக்கிறேன்.